சிவில் சட்டத்தில் வஞ்சிர வாடை

பிரெஞ்சுக்காரர்களின் சிவில் சட்டத்திலிருந்து வஞ்சிர மீன் வாடை வருகிறது என்று ஒரு வாரம் போல நான் முழு மனதோடு நம்பினேன்.

சும்மா ஒரு சந்தேகம்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மாணவர் சேர்க்கை நாளில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, அலாரம் என்று நினைத்து மின்விசிறி பொத்தானை அழுத்திக்கொண்டே நின்ற கதையைப் போன வாரம் எழுதிவிட்ட பிறகு, உங்களிடம் காப்பாற்றிக்கொள்ள எனக்கு மானம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. நம்பினேன். அதற்காக ஓடினேன், வேர்த்தேன், காபித்தூள் வாங்கினேன்.

அந்த வாரத்தில் ஒரு காட்சி. எங்கள் சட்டக் கல்லூரி நூலகத்தின் மாடி. அரிய நூல் அறை. நான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் முகம் தெரியாது. கன்றுத்தோல் அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகத்துக்குள் அது காது வரைக்கும் புதைந்திருக்கிறது. மூச்சை இழுத்து இழுத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். மூக்கு ஒழுகுகிறது. தோள் குலுங்குகிறது.

"மிஸ்டர் குணசேகரன்..."

வாசலில் முதல்வர் அம்மா.

"அழறீங்களா?"

எங்கள் முதல்வர் குற்றவியல் சட்டம் நடத்துபவர். ஆளின் முகத்தைப் பார்த்தே வாக்குமூலம் வாங்கிவிடுவார். நல்ல வேளையாக என் முகம் புத்தகத்துக்குள் இருந்தது. மீன் வாடை வருகிறதா என்று மோந்து பார்க்கிறேன் என்று சொல்வதா, அழுகிறேன் என்று சொல்வதா? இரண்டில் எது கௌரவம்?

"ஆமா மேடம்," என்றேன்.

நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில், "தண்ணி குடிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை. இருந்தாலும், ஆரம்பித்த வேலையை ஒழுங்காக முடிக்க வேண்டுமே.

ஊட்டி சார்

நான் நூலகராக வேலை பார்க்கும் கல்லூரியின் பெயர் வேண்டாம். எனக்கு இன்னும் ஓய்வு வயது வரவில்லை.

அரிய நூல் அறை என்றால் பெரிய மாளிகையைக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு நீள அறை. கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரிகள். நடுவில் ஒரு மேசை. வாசலுக்கு வெளியே கை கழுவ ஒரு தொட்டி, சோப்பு, துண்டு. சினிமாவில் பார்த்துவிட்டு வெள்ளைக் கையுறை கேட்பவர்கள் உண்டு. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, கிழித்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கைதான் எங்கள் சட்டம்.

அறைக்குள் ஏசி எப்போதும் ஓடும். வெளியே புதுச்சேரி வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கும். உள்ளே நான் மெரூன் நிற ஸ்வெட்டர் போட்டு, பொத்தானைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ஊட்டி சார். அந்த ஸ்வெட்டர் நான் வாங்கிய நாளிலிருந்து இந்தக் கதை முடியும் வரை வீட்டைப் பார்த்ததே இல்லை. காலையில் நாற்காலி முதுகிலிருந்து எடுத்து மாட்டுவேன், சாயங்காலம் கழற்றி நாற்காலிக்கே மாட்டுவேன். அது நூலகச் சொத்து மாதிரி. முத்திரை குத்தாததுதான் பாக்கி.

புத்தகங்கள்? பிரெஞ்சு ஆட்சியில் இங்கே நீதிமன்றத்திலும் வக்கீல் வீடுகளிலும் இருந்தவை. சட்டத் தொகுப்புகள், தீர்ப்புகள், அரசிதழ்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கொஞ்சம்தான் தெரியும் என்பேன். என் பிரெஞ்சு மாலை வகுப்புப் பிரெஞ்சு. படிப்பேன். பேசினால் பிரெஞ்சுக்காரர்கள் உடனே இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்கள்.

"இதெல்லாம் ஆன்லைன்லயே கெடைக்குதே" என்பவர்களை நான் மேசைக்கு அழைத்துப்போய் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவேன். அச்சடித்த பிரெஞ்சு ஒழுங்காக நடுவில் நிற்கும். ஓரத்தில் பென்சிலால் தமிழ். அந்தக் காலத்து நம்ம ஊர் வக்கீல்கள், வழக்கு நடத்தும்போது எழுதிவைத்த குறிப்புகள். "இதை வைத்து அவனை மடக்கலாம்." "நம் கட்சிக்கு இது ஆகாது, வாயைத் திறக்காதே." வாரிசுரிமைப் பகுதியில் ஒரு இடத்தில், வெறும் ஒரே வார்த்தை: "அநியாயம்!" அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: "உனக்கு."

இந்த ஊரில் முன்னோர் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று எழுதிக்கொடுத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன; சொத்து விஷயத்தில் அவர்களுக்கு இன்றும் அந்தச் சட்டம்தான். பாகப்பிரிவினை வழக்கு என்று ஒன்று வந்தால் வக்கீல்கள் மாடிப்படி ஏறி வருவார்கள். சட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஓரத்துப் பென்சிலில் மாட்டிக்கொண்டு, மத்தியானம் வரை சிரித்துவிட்டுப் போவார்கள். அந்த ஓரத்தை எந்த ஊர் ஆன்லைனும் கொடுக்காது.

தோல் டாக்டர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் பீதிகளுக்கு ஒரு பரம்பரை உண்டு.

இந்த அறைக்கு வந்த புதிதில் ஒரு நாள் என் உள்ளங்கை செம்பழுப்பாக இருந்தது. சட்டையில் வயிற்றுப் பக்கம் அதே நிறத்தில் திட்டு. கழுவினால் போகிறது, மறுநாள் திரும்பி வருகிறது. ஏதோ வியாதி என்று முடிவு செய்தேன். எந்த வியாதி என்று தேடிப் பார்த்ததில் எல்லாமே எனக்கு இருந்தது. சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோல் டாக்டர். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். வியாதி பஞ்சுக்கு வந்துவிட்டது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பழைய புஸ்தகம் சார். தோல் அட்டை போட்டது."

"அப்போ வியாதி அட்டைக்குத்தான். அதைக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

அதுதான் விஷயம். பழைய தோல் அட்டை வயதாகி மக்கும்போது செங்கல் பொடி மாதிரி உதிரும். எடுத்துப் புரட்டுகிறவன் மேலெல்லாம் அப்பும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது முதல் பாடம். நான் அதைக் கட்டணம் செலுத்திக் கற்றேன்.

இதனால் ஒரு கெடுதல் நடந்தது. அதற்குப் பிறகு பொடி என்று எதைப் பார்த்தாலும் நான் பெரிய மனிதன் மாதிரிக் கையை ஆட்டிவிடுவேன். போன கோடைக்கு முன்னால் ஒரு நாள், என்னோடு வேலை பார்க்கும் துணை நூலகர் நசீமா அலமாரியைக் காட்டினார்.

"சார், கீழ பொடி கெடக்குது."

"தோல் பொடிம்மா. அட்டை உதிருது."

"தோல் பொடி செவப்பா இருக்கும். இது மாவு மாதிரி இருக்கு."

"பழைய தோலு, வெளுத்திருக்கும்."

நசீமா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமெல்லாம் கிடையாது. அவருக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். இந்தப் பார்வை அவருக்குப் பழக்கம். புத்தகத்தை எடுத்து முதுகைத் திருப்பிக் காட்டினார். குண்டூசி முனை அளவில் வட்ட வட்டமாகத் துளைகள். ஒரு துளையிலிருந்து, எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு எட்டிப் பார்ப்பது போல, ஒரு சின்னப் பழுப்பு வண்டு வெளியே வந்து நின்றது.

"தோலுக்குக் காலு மொளச்சிருச்சு சார்," என்றார் நசீமா.

தடைக்காலம்

முதல்வர் அம்மா பூச்சியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரொம்ப நாளாகவே அவருக்கு அந்த அறைமேல் கண். மாணவர்கள் வாதாடிப் பழக மாதிரி நீதிமன்றம் ஒன்று வேண்டும், அதற்கு இந்த நீள அறை பொருத்தம். ஆள் நியாயமானவர்தான். நியாயமானவர்களிடம் மாட்டிக்கொண்டால் சண்டைகூடப் போட முடியாது.

"நிர்வாகக் குழுவுல பேசிட்டேன். இந்தப் புத்தகங்களை நம்மால காப்பாத்த முடியலன்னா, காப்பாத்தறவங்ககிட்ட அனுப்பிடலாம். சென்னையில எடுத்துக்கத் தயாரா இருக்காங்க. லீவு முடிஞ்சதும் குழுவிலேருந்து முசியே அந்துவான் வந்து பாப்பார். அவர் சொல்றதுதான்."

முசியே அந்துவான் ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம், அதனால் 'சார்' கிடையாது, 'முசியே'. அவர் ஆகாது என்றால் அலமாரிகள் காலி. என் பென்சில் வக்கீல்கள் லாரியேறிப் போய், யாரும் தமிழ் ஓரத்தைப் படிக்காத ஏதோ ஒரு கிடங்கில் உட்காருவார்கள்.

மருந்தடிக்கலாமா என்றால், அந்தப் புகை தாளுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது. இப்போது எல்லா இடத்திலும் செய்வது ஒன்றுதான்: உறைய வைப்பது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி, கடுங்குளிரில் சில வாரம் வைத்தால் வண்டு, புழு, முட்டை எல்லாம் தீர்ந்தது. ஆனால் குளிர் சட்டென்று இறங்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி மெதுவாக இறங்கினால் பூச்சி போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிவிடும். அப்படிப்பட்ட பெரிய குளிர் அறை புதுச்சேரியில் யாரிடம் இருக்கும்?

நசீமாதான் சொன்னார். "நம்ம கலைச்செல்வி மீன் கம்பெனி வெச்சிருக்கே சார்."

கலைச்செல்வி எங்கள் பழைய மாணவி. கடலோரப் பிள்ளைச்சாவடிப் பெண். சட்டம் முடித்து, கறுப்புக் கோட்டு தைத்து, கொஞ்ச நாள் கோர்ட்டுக்குப் போய்விட்டு, அப்பாவின் மீன் வியாபாரத்துக்கே திரும்பிவிட்டார். இப்போது கடற்கரைச் சாலையில் சொந்தமாகக் குளிர்கிடங்கு. போன் போட்டேன்.

"ஊட்டி சாரா! இன்னா சார், வஞ்சிரம் வேணுமா?"

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது.

"ஒழுங்கான நேரத்துலதான் கேட்டீங்க. தடைக்காலம் சார். போட்டெல்லாம் கரையிலதான் கெடக்குது. ஒரு சேம்பர் காலியா கீது. கழுவி உட்டு வெக்கிறேன், எடுத்துனு வாங்க."

மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் வருஷா வருஷம் போடும் தடை. மீனுக்குப் போட்ட சட்டம் சட்டத்துக்கே ஐஸ் கொடுத்தது.

முதல்வருக்கு நான் எழுதிய அனுமதிக் கடிதத்தில் 'குளிர்பதனக் கிடங்கு' என்று இருந்தது. எந்தப் பொருளின் கிடங்கு என்று இல்லை. அவர் கேட்கவில்லை. நான் நாணயமானவன், கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று அவர்தானே வகுப்பில் நடத்துகிறார்.

சேம்பர் கதவு வங்கிப் பெட்டகம் மாதிரி இருந்தது. நானும் நசீமாவும் புத்தகப் பொட்டலங்களை உள்ளே அடுக்கினோம். லிஃப்டில் மாட்டிய ஆள் நான். கதவிடுக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டே எட்டி எட்டி அடுக்கினேன்.

"சார், உள்ளேருந்தும் தொறக்கலாம் சார். காலை எடுங்க, குளிரு வெளிய போவுது," என்றார் கலைச்செல்வி.

"பரவால்லம்மா, எனக்கு இப்பிடித்தான் வசதி."

"ஸ்வெட்டர் வேற. இந்தக் கம்பெனில ஸ்வெட்டர் போட்டு வந்த மொத ஆளு நீங்கதான். எங்க ஆளுங்கல்லாம் சட்டையே போடறதில்ல."

மடியில் ஒரு பொட்டலம்

சில வாரம் கழித்து வேனில் போய்ப் புத்தகங்களை எடுத்து வந்தோம். உறையை உடனே பிரிக்கக் கூடாது. ஐஸ் தண்ணீர் பாட்டில் வேர்ப்பது போல வேர்க்கும். வேர்வை உறைக்கு வெளியே இருக்கும்வரை புத்தகத்துக்கு ஆபத்தில்லை. அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த விஷயங்களில் நான் தப்பே செய்வதில்லை.

கிளம்பும்போது கலைச்செல்வி ஒரு பொட்டலத்தை நீட்டினார். "தடைக்கு முன்னாடி வந்தது சார். வூட்டுக்குன்னு எடுத்து வெச்சது. அக்காகிட்ட குடுத்து கொழம்பு வெக்கச் சொல்லுங்க."

வஞ்சிரம்! தடைக்காலத்தில்! கடையில் சங்கராவைக்கூடத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரும் பருவம் அது. வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டேன். தொடை ஜில்லென்று மரத்துப்போனதால் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து அடியில் கொடுத்தேன். குருசுக்குப்பம் தாண்டும் வரை அந்தக் குழம்பைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி என் மனைவி, கல்யாணமான வருஷம் என்னைப் பார்த்த மாதிரி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். குழம்பைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

மூக்குச் சோதனை

உறைகளைப் பிரித்த அன்று காலையில்தான் அது வந்தது. கன்றுத்தோல் அட்டையைத் திறக்கிறேன், குப்பென்று வஞ்சிரம்.

நசீமாவைக் கூப்பிட்டேன்.

"இதை மோந்து பாரும்மா."

"எனக்கு ஏது சார் மூக்கு? சைனஸ் வந்த நாளா பிரியாணி தம் உடைச்சாக்கூட கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

வாசல் காவலாளி ஏழுமலையை அழைத்து வந்தேன். பக்கத்தில் நின்று புத்தகத்தை நீட்டினேன். அவர் குனிந்தார், நிமிர்ந்தார்.

"ஆமா சார். நல்ல மீனு."

போச்சு. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. கிடங்குக்கே போகாத ஒரு புத்தகத்தை வேறு அலமாரியிலிருந்து எடுத்து மோந்தேன். அதிலும் வாடை!

இந்த இடத்தில் அறிவுள்ளவன் ஒரு கணம் நின்றிருப்பான். நான் நிற்கவில்லை. "பரவிடுச்சு!" என்று கத்தினேன்.

"வாடை எப்பிடி சார் பரவும்?"

"தொத்தும்மா! ஒண்ணுலேருந்து ஒண்ணு!"

"அம்மையா சார் அது?"

கிண்ணம் கிண்ணமாகக் காபித்தூள் வைத்தேன். அடுப்புக்கரி வைத்தேன். எல்லா அலமாரியிலும் நாள் முழுக்க மூக்கை வைத்து நடந்தேன். ஒரு விஷயம் என்னை இன்னும் மிரட்டியது. மதியம் சாப்பிட வெளியே போனால் வாடை இல்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டரை மாட்டிய உடனே மறுபடி ஆரம்பிக்கும். "நான் வந்தா அதுக்குத் தெரியுது," என்று நசீமாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அவர் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. அவர் அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் முதல்வர் அம்மா வந்து, "அழறீங்களா?" என்று கேட்டது.

குறுக்கு விசாரணை

முசியே அந்துவான் வந்தார். தும்பைப்பூ வெள்ளையில் அரைக்கைச் சட்டை, கையில் ஓலைத் தொப்பி. வாசல் தொட்டியில் யாரும் சொல்லாமலே கை கழுவி, விரல் விரலாகத் துடைத்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

கூடவே முதல்வர். நசீமா புத்தகம் வைக்க மேசையில் ஒரு சின்ன மெத்தை போட்டு வைத்திருந்தார்.

"என்ன இது, கபே வெச்சிருக்கீங்களா?" என்றார் முசியே, காபித்தூள் கிண்ணங்களைப் பார்த்து.

"ஈரத்துக்கு, முசியே."

முதல் புத்தகத்தைக் கொண்டுபோய், மேசை முன் உட்கார்ந்திருந்த அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து மெத்தையில் வைத்தேன். அவர் மூக்கு ஒரு தடவை துடித்தது. இரண்டாவது புத்தகம். மறுபடி துடித்தது. மூன்றாவதை வைத்தபோது அவர் அட்டையைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

என் கண்ணுக்குள் லாரி வந்து நின்றது. பென்சில் வக்கீல்கள் வரிசையாக ஏறினார்கள்.

"முசியே குணசேகரன், கொஞ்சம் பின்னாடி போங்க," என்றார் என்னிடம்.

போனேன்.

"ம். கிட்ட வாங்க."

வந்தேன்.

"பின்னாடி."

போனேன்.

"வாங்க. திரும்புங்க. ம்... மதாம்," என்று முதல்வரைப் பார்த்தார், "சாட்சிய மாத்தி நிக்க வெச்சாத்தான் உண்மை வரும். நாப்பது வருஷம் அதைத்தான் செஞ்சேன்." பிறகு என் மார்பை நோக்கி விரலை நீட்டினார். "அந்தக் கம்பளிய கழட்டுங்க."

கழற்றினேன். நசீமா அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவருக்கு மூக்கே இல்லை. ஆனாலும் அந்த இரண்டு விரல்.

முசியே புத்தகத்தைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனார். மெதுவாக இழுத்தார்.

"பழைய பேப்பர். தோல். கொஞ்சம் கற்கண்டு மாதிரி." என்னை நிமிர்ந்து பார்த்தார். "புத்தகம் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் கெட்டுப் போயிருக்கீங்க."

குளிர்பதனக் கிடங்கு எதற்கானது என்று முதல்வர் அம்மா இப்போது கேட்டார். கேட்ட கேள்வி, சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கதவிடுக்கில் வைத்த கால், மடியில் இருந்த பொட்டலம், அடியில் கொடுத்த ஸ்வெட்டர். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதுதான், வாய் அதைச் சொல்லி என் காது அதைக் கேட்டபோதுதான், எனக்கே விஷயம் புரிந்தது.

"மீன் கம்பெனி," என்றார் முதல்வர். "அப்போ அன்னிக்கு நீங்க புத்தகத்தைப் புடிச்சிக்கிட்டு அழுதது?"

"மோந்து பாத்தேன் மேடம்."

"நான் அதை நிர்வாகக் குழுவுல சொல்லி வெச்சிருக்கேன். 'இப்படிப்பட்ட ஒரு நூலகர்'னு."

நான் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கினேன்; குளிராலும் இருக்கலாம்.

முசியே அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு அலமாரித் தட்டிலும் புத்தகங்களுக்கு அடியில் நசீமா விரித்து வைத்திருந்த வெள்ளைத் தாளை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூச்சி உயிரோடு இருந்தால் தாளில் மாவு விழும். ஒரு தாள். இன்னொரு தாள். எல்லாம் வெறும் வெள்ளை. பிறகு மேசையில் வந்து உட்கார்ந்து ஒரு பக்கத்தைப் புரட்டினார். ஓரத்தில் பென்சில் தமிழ். கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"அநியாயம்... உனக்கு." அவருடைய வயிறு முதலில் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பார்த்து முடியாமல், கைக்குட்டையைத் தேடினார். "ஓ லாலா! மதாம், இங்க வந்து பாருங்க!"

முதல்வர் அம்மா குனிந்து பார்த்தார். குற்றவியல் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அடுத்த பக்கத்தை அவரே புரட்டினார். அதற்கடுத்ததையும். நசீமா திரும்பி வந்தபோது, இரண்டு பேரும் தலையோடு தலை முட்டப் பென்சில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போகும்போது முசியே வாசலில் நின்றார். முகம் மறுபடி மாஜிஸ்திரேட் முகம் ஆகியிருந்தது. தீர்ப்பு என்று நினைத்து நான் நிமிர்ந்து நின்றேன்.

"ஒரு கேள்வி. தடைக்காலத்துல வஞ்சிரம் உங்களுக்கு எங்க கெடச்சுது?"

கலைச்செல்வியின் எண்ணைக் கொடுத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். பூச்சி செத்தது. புத்தகங்கள் எந்த வாடையும் இல்லாமல் அதே தேக்கு அலமாரிகளில் இருக்கின்றன. மாதிரி நீதிமன்றம் கீழ்த்தளத்துக் கருத்தரங்கக் கூடத்தில் நடக்கிறது. வாடை என் ஸ்வெட்டரில்தான் இருந்தது; வீட்டில் வெந்நீரில் துவைத்தார்கள், சுருங்கிவிட்டது. இப்போது அதை நசீமாவின் கடைசிப் பிள்ளை போட்டுக்கொள்கிறான்.